ஸ்மார்ட்வாட்ச் வாங்க ஹெல்த் இன்சூரன்ஸ் கைகொடுக்குமா? எஃப்எஸ்ஏவில் பணம் மீதம் இருக்கிறது

காவேரிக்கரை | நவம்பர் 9, 2025

வணக்கம். டெக்சாஸ் பிளேனோவில் இருக்கிறோம். என் கணவருக்கு 44 வயது. ஆகஸ்டில் ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கைகூடக் கழுவாமல் எழுந்து போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது. இதய மருத்துவர், துடிப்பைப் பதிவு செய்ய நெஞ்சில் 14 நாள் ஒட்டி வைத்திருக்கும் பேட்ச் கொடுத்தார். அந்தப் பதினான்கு நாளும் ஒன்றுமில்லை. கழற்றித் தபாலில் அனுப்பிய மறுவாரமே மறுபடி வந்தது.

"ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டால், வருகிற நேரத்திலேயே பிடித்துவிடலாம்" என்றார் டாக்டர். இன்சூரன்ஸுக்குப் போன் செய்தேன். கடிகாரத்துக்குக் கவரேஜ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பேட்சுக்கு மட்டும் டிடக்டிபிள் கணக்கில், அதாவது இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய பங்கில், 312 டாலர் பில் வந்திருக்கிறது. அதே பணத்தில் பாதிக் கடிகாரத்துக்கு மேலேயே வந்திருக்கும் என்ற ஆற்றாமை எனக்கு.

ஆபீஸ் எஃப்எஸ்ஏவில் (மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) 540 டாலர் மீதம் உள்ளது. டிசம்பர் 31-க்குள் செலவழிக்க வேண்டும். இதை வைத்து வாங்க முடியுமா? வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

எச்ஆர்_கமலா | நவம்பர் 9, 2025

காவேரி, முதலில் உங்கள் கணவர் நலமாக இருக்க வேண்டும். நான் நியூ ஜெர்சியில் பதினைந்து வருடமாக ஊழியர் சலுகைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு நவம்பரிலும் வரும்.

இன்சூரன்ஸ் பணமும் எஃப்எஸ்ஏ பணமும் ஒன்றில்லை. எஃப்எஸ்ஏ உங்கள் சொந்தச் சம்பளம்தான், வரி பிடிக்காமல் ஒதுக்கி வைத்தது, அவ்வளவே. 2025-ல் அதில் போடக்கூடிய உச்சவரம்பு 3,300 டாலர். உங்கள் கம்பெனி அனுமதித்தால் 660 டாலர் வரை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். எல்லாக் கம்பெனியும் அதை வைத்திருக்காது, உங்கள் பிளான் காகிதத்தில் பாருங்கள். அது இருந்தால் இவ்வளவு அவசரமே இல்லை.

கடிகாரம் விஷயத்தில் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் பார்ப்பது ஒன்றைத்தான். நோயைக் கண்டுபிடிக்கவோ குணப்படுத்தவோ தேவைப்படுகிற பொருளா, இல்லை பொதுவாக உடம்பை நன்றாக வைத்துக்கொள்ள எல்லோரும் வாங்குகிற பொருளா? ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி முதல் வகை, கேள்வியே கேட்க மாட்டார்கள். ஸ்மார்ட்வாட்ச் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. போன் எடுக்கும், பாட்டுப் போடும், மெசேஜ் காட்டும், ஈசிஜியும் எடுக்கும். அதனால் டாக்டரின் கடிதம் இல்லாமல் நகராது. மருத்துவத் தேவைக் கடிதம், சுருக்கமாக எல்எம்என் என்பார்கள்.

கடையில் எஃப்எஸ்ஏ கார்டைத் தேய்க்காதீர்கள். கார்டு ஏற்காது, ஏற்றாலும் பிறகு ரசீது கேட்டு மடக்குவார்கள். முதலில் கடிதம், அப்புறம் சொந்தக் கார்டில் வாங்குவது, அதற்குப் பிறகு கிளெய்ம். கடிதத்தின் தேதி ரசீதுத் தேதிக்கு முந்தியதாக இருக்கட்டும்.

நடைப்பிரியன் | நவம்பர் 10, 2025

மினசோட்டாவிலிருந்து எழுதுகிறேன். வேறு வழி ஒன்று இருக்கிறது. கடிகாரத்துக்குப் பணம் தராத இன்சூரன்ஸ், நடப்பதற்குத் தருகிறது. யுனைடெட் ஹெல்த்கேரின் மோஷன் திட்டம் 2018-லேயே ஆப்பிள் வாட்சையும் சேர்த்துக்கொண்டது. அதில் மூன்று இலக்குகள் வைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் 300 காலடி (ஸ்டெப்), அப்படி ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி. அரை மணி நேரத்தில் 3,000 அடி. நாள் முழுக்கச் சேர்த்து 10,000 அடி. எட்டினால் எட்டின இலக்குக்குப் பணம், வருடத்துக்கு 1,000 டாலர் வரைக்கும் என்று அறிவித்திருந்தார்கள்.

எங்கள் கம்பெனியில் இருப்பது வேறு திட்டம், ஆனால் இதே மாதிரி. ஜனவரியில் இங்கே வெளியே கால் வைக்க முடியாது. காலை ஏழு மணிக்கு ஷாப்பிங் மால் கதவைத் திறந்துவிடுவார்கள், கடைகள் திறக்கப் பத்தாகும். ஷட்டர் போட்ட கடைகளைத் தாண்டி நானும் ஒரு கேரளத் தாத்தாவும் சுற்றிச் சுற்றி நடப்போம். போன வருடம் கடிகாரத்தின் விலை முழுக்க எனக்குத் திரும்பி வந்துவிட்டது. சர்க்கரையும் இறங்கியது. உங்கள் கணவர் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் வேகநடை வேண்டாம், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எடிசன்_குமரன் | நவம்பர் 10, 2025

நடைப்பிரியன் சார், ஒரு மாற்றுக் கருத்து. நாம் எத்தனை மணிக்குத் தூங்கினோம், நெஞ்சு எப்படி அடித்தது என்பதையெல்லாம் இன்சூரன்ஸ்காரனிடம் நாமே கொண்டுபோய்க் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. காவேரியின் கணவருக்கு இன்னும் என்ன நோய் என்றே தெரியவில்லை. தெரிவதற்கு முன்பே அவருடைய இதயத்துடிப்பு வேறொருவர் கையில் இருக்க வேண்டுமா?

ஆயுள் காப்பீட்டில் இது ரொம்ப தூரம் போய்விட்டது. ஜான் ஹான்காக் நிறுவனம் 2018 செப்டம்பரில் இனி தன் எல்லா ஆயுள் பாலிசிகளிலும் உடற்பயிற்சிக்குப் பரிசு தரும் வைட்டாலிட்டி திட்டம் இருக்கும் என்று அறிவித்தது. ஆப்பிள் வாட்சை 25 டாலரும் வரியும் கட்டி வாங்கிக்கொள்ளலாம், இரண்டு வருடம் மாதாமாதம் உடற்பயிற்சிப் புள்ளி சேர்த்துக் கொண்டே வந்தால் மீதி விலை கழியும், சேர்க்காத மாதம் கையிலிருந்து கட்ட வேண்டும். இது கடன்தான்.

நடைப்பிரியன் | நவம்பர் 10, 2025

கடன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடன்தான் ஆளை எழுப்பி நடக்க வைக்கிறது. அதே வைட்டாலிட்டி திட்டத்தை ராண்ட் யூரோப் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டது. பிரிட்டன், அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா மூன்று நாட்டிலும் சேர்த்து நாலு லட்சம் பேர். கடிகாரத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் உடல் இயக்கம் சராசரியாக 34% கூடியிருந்தது. பரிசு தருகிறேன் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பணம் போய்விடும் என்றால் இன்றைக்கே செருப்பை மாட்டத் தோன்றும். என் அனுபவமும் அதுதான்.

எச்ஆர்_கமலா | நவம்பர் 11, 2025

குமரனின் பயம் நியாயமானது. கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டோடு சேர்ந்த திட்டமாக இருந்தால் அந்தத் தகவல், மருத்துவ ரகசியம் காக்கும் ஹிப்பா சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும். நீங்களாகவே போனில் இறக்கிக்கொண்ட ஒரு செயலிக்குக் கொடுத்த தகவல் அப்படி வராது, அங்கே நீங்கள் படிக்காமல் சம்மதம் என்று அழுத்திய பக்கம்தான் சட்டம். சேருவதற்கு முன் இரண்டில் எது என்று கேளுங்கள். எங்கள் மேசைக்கு வருபவர்களில் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

இன்னும் இரண்டு. நடக்க முடியாத உடல்நிலை உள்ளவருக்கு, அடிக்கணக்கு வைத்துப் பரிசு தருகிற திட்டம் மாற்று வழி ஒன்றைத் தந்தே ஆக வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது. பரிசு கிஃப்ட் கார்டாக வந்தால் அது வருமானக் கணக்கில் சேரும், வரி உண்டு.

ரத்னா_ஹூஸ்டன் | நவம்பர் 12, 2025

இதய நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பணக்கணக்கை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், கடிகாரம் என்ன செய்யும் என்பதை நான் சொல்கிறேன். தவறான கடிகாரத்தை வாங்கிவிட்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

காவேரி, ஆப்பிள் வாட்ச் எஸ்இ வாங்கிவிடாதீர்கள். விலை குறைவு, ஆனால் அதில் ஈசிஜி கிடையாது. துடிப்பு எண்ணிக்கையைக் காட்டும், தாளம் தவறினால் எச்சரிக்கும், அவ்வளவுதான். சீரீஸ் வரிசையில் வாங்குங்கள், அல்லது ஆண்ட்ராய்டு போன் என்றால் ஈசிஜி உள்ள சாம்சங் கேலக்ஸி வாட்ச், கூகிள் பிக்சல் வாட்ச். ஆப்பிளின் ஈசிஜிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது 2018-ல், சீரீஸ் 4 வந்தபோது.

அது எடுப்பது ஒரே ஒரு கோணத்து ஈசிஜி. ஆஸ்பத்திரியில் நாங்கள் எடுப்பது பன்னிரண்டு. அதனால் மாரடைப்பை அது காட்டாது. நெஞ்சு வலி, இடது கை வலி, வியர்வை என்று வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், 911 கூப்பிடுங்கள். கடிகாரம் நன்றாகப் பிடிப்பது துடிப்பின் தாளம் தவறுவதை. ஸ்டான்ஃபோர்டு நடத்திய ஆப்பிள் ஹார்ட் ஸ்டடியில் 4,19,297 பேர் இருந்தார்கள். எச்சரிக்கை வந்தது அதில் 0.52% பேருக்குத்தான். அப்படி வந்து, பேட்ச் ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் 34% பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாளம் தவறித் துடிப்பது) பேட்சிலும் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தவறான எச்சரிக்கை என்று அர்த்தமில்லை, பேட்ச் இருந்த நாளில் வரவில்லை. உங்கள் வீட்டில் நடந்தது மாதிரியே.

படபடப்பு வரும்போது கடிகாரத்தின் பக்கவாட்டுக் குமிழில் மற்றக் கையின் விரலை வைத்து 30 விநாடி அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். பேசக்கூடக் கூடாது. துடிப்பு ரொம்ப வேகமாக இருந்தால் "முடிவு தெளிவில்லை" என்று அது சொல்லும். நிறைய பேர் அதைப் பார்த்துவிட்டுப் பதிவை அழித்துவிடுகிறார்கள். அழிக்கவே கூடாது! அந்த வரைபடத்தை பிடிஎஃப் ஆக்கி டாக்டருக்கு அனுப்புங்கள். கடிகாரத்துக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

இன்னொரு யோசனை. கார்டியாமொபைல் என்று விரல் வைத்து ஈசிஜி எடுக்கும் சின்னப் பட்டை இருக்கிறது. அதற்கு ஈசிஜி தவிர வேறு வேலையே இல்லாததால் எஃப்எஸ்ஏவில் தகராறு இல்லாமல் வாங்கலாம். விலையும் கடிகாரத்தில் பாதிகூட வராது. குறை என்னவென்றால், கையில் கட்டிக்கொள்ள முடியாது. நடுராத்திரி படபடப்பு வந்தால் தேடி எடுப்பதற்குள் நின்றுவிடும்.

திருச்சி_மகன் | நவம்பர் 13, 2025

ரத்னா அக்கா, விவரமாக எழுதியதற்கு நன்றி. இதிலேயே என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். அப்பா திருச்சியில் தனியாக இருக்கிறார், 71 வயது. கீழே விழுந்தால் எனக்குச் செய்தி வருகிற மாதிரி ஒரு வாட்ச் வாங்கி அனுப்ப ஆசை. என் எச்எஸ்ஏவில் (மருத்துவச் செலவுக்கான வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) இரண்டாயிரம் டாலர் சும்மா கிடக்கிறது. அவர் செலவு முழுக்க நான்தான் பார்க்கிறேன். எடுக்கலாமா?

எச்ஆர்_கமலா | நவம்பர் 13, 2025

தம்பி, இதற்கு இல்லை என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனால் முடியாது. எச்எஸ்ஏ பணம் உங்களுக்கு, மனைவிக்கு, வரிச் சட்டப்படி உங்களைச் சார்ந்தவர்களுக்கு. சார்ந்தவர் என்றால் அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றில் ஒன்றில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. திருச்சியில் இருக்கும் அப்பாவுக்கு நீங்கள் முழுச் செலவும் செய்தாலும் அவர் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். மீறி எடுத்தால் அந்தத் தொகைக்கு வரியும், அதற்கு மேல் 20% அபராதமும் கட்ட வேண்டும்.

நாளைக்கே அவர் கிரீன் கார்டில் உங்களோடு வந்து தங்கி, பாதிக்கு மேல் செலவை நீங்கள் ஏற்றால் நிலைமை வேறு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் மட்டும் உடனே கிடைக்காது, 65 வயது தாண்டிய கிரீன் கார்டுகாரர் தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்திருந்தால்தான் பணம் கட்டியாவது அதில் சேரலாம். அரசின் மெடிகேர் ஸ்மார்ட்வாட்சுக்குப் பணம் தருவதில்லை. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் சிலவற்றில் உண்டு. அப்படி ஒரு நிறுவனமான டிவோட்டட் ஹெல்த் 2019-ல் ஆப்பிள் வாட்சுக்கு 150 டாலர் வரை தருவதாக அறிவித்தது. ஒவ்வொரு வருடமும் சலுகை மாறும்.

நடைப்பிரியன் | நவம்பர் 14, 2025

திருச்சி மகனுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கு ஊரில் பாலிசி இருந்தால் அதையும் பாருங்கள். 2020 செப்டம்பரில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ இதற்கென்று வழிகாட்டுதல் கொடுத்த பிறகு அங்கும் நடைக்குச் சலுகை வந்துவிட்டது. நிவா பூபாவின் ரீஅஷ்யூர் 2.0 பாலிசியில் அடிக்கணக்கைப் பொறுத்துப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் 30% வரை தள்ளுபடி உண்டு. என் மாமனார் சட்டைப் பையில் போனோடுதான் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கிறார், கடிகாரம் இல்லை.

எடிசன்_குமரன் | நவம்பர் 15, 2025

காவேரி, இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஐந்து கேள்விக்குப் பதில் சொன்னால் முப்பது டாலருக்கு எல்எம்என் கடிதம் தருகிறார்களாம். உங்கள் டாக்டரிடம் அலைய வேண்டாமே?

எச்ஆர்_கமலா | நவம்பர் 15, 2025

வேண்டாம். 2024 மார்ச்சில் ஐஆர்எஸ் இதைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. நாமே நம்மைப் பற்றிச் சொன்னதை மட்டும் வைத்து யாரோ எழுதித் தருகிற குறிப்பால் பொதுவான ஆரோக்கியச் செலவு மருத்துவச் செலவாகிவிடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. காவேரிக்கு உண்மையான நோய்க்குறி இருக்கிறது, உண்மையான டாக்டர் இருக்கிறார். அவர் எழுதட்டும்.

காவேரிக்கரை | டிசம்பர் 2, 2025

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் அலுவலகத்தில் நவம்பர் 13 அன்று கடிதம் கொடுத்தார்கள். 17-ம் தேதி சீரீஸ் 11 வாங்கினோம். 399 டாலர், டெக்சாஸ் வரியோடு 431 டாலர் 92 சென்ட். கூடவே இரண்டு வருட வாரண்டியும் எடுத்தோம். அன்றைக்கு ராத்திரியே கிளெய்ம் போட்டேன். நேற்று பதில் வந்தது, நிராகரிப்பு. காரணம் ஒரே வரி: "போதுமான மருத்துவக் காரணம் இல்லை."

மேசையில் கடிதத்தை விரித்து மறுபடி படித்தேன். "இந்த நோயாளிக்கு ஸ்மார்ட்வாட்ச் பயனுள்ளதாக இருக்கும்" என்று இருக்கிறது, கீழே கையெழுத்து. அவ்வளவுதான். என்ன நோய், எதற்காக, எத்தனை நாள் என்று ஒன்றுமே இல்லை. இவ்வளவு தெரிந்தும் நான் படிக்காமலே அனுப்பியிருக்கிறேன், அதுதான் வருத்தம்.

எச்ஆர்_கமலா | டிசம்பர் 2, 2025

மனம் விடாதீர்கள், நிராகரிப்புக்கு மேல்முறையீடு உண்டு. "பயனுள்ளதாக இருக்கும்" என்ற சொல்தான் கெடுத்தது. எனக்கும்தான் ஸ்மார்ட்வாட்ச் பயனுள்ளதாக இருக்கும்! நோயின் பெயரும் அதன் குறியீட்டு எண்ணும் வேண்டும், படபடப்புக்கு ஆர்00.2. பேட்ச் வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை என்ற வரலாறு வேண்டும். இந்த நோய் இல்லையென்றால் இதை வாங்கியிருக்கவே மாட்டார் என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். எத்தனை மாதத்துக்கு என்பதும் வேண்டும். வாரண்டிக்குப் பணம் கிடைக்காது, அதைக் கிளெய்மிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வாங்கிய தேதி இந்த வருடத்துக்குள் இருப்பதால் பயமில்லை. காகிதங்களை அனுப்ப நிறைய பிளான்களில் மார்ச் 31 வரை அவகாசம் இருக்கும். உங்களுடையதில் எந்தத் தேதி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்னா_ஹூஸ்டன் | டிசம்பர் 3, 2025

காவேரி, டாக்டரிடம் நேரில் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து, நோயாளிகளுக்கான போர்ட்டலில் அவருடைய நர்ஸுக்கு அனுப்புங்கள். நர்ஸ்கள் நாங்கள் படித்துத் திருத்தி டாக்டரின் கையெழுத்து வாங்கித் தருவோம். எங்கள் பிரிவில் பாதிக் கடிதங்கள் அப்படித்தான் வெளியே போகின்றன. எழுதாதவர் மேல் தப்பில்லை, என்ன எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

காவேரிக்கரை | ஜனவரி 18, 2026

கிளெய்ம் பாஸாகிவிட்டது. 431.92 டாலர் வங்கிக்கு வந்துவிட்டது. எங்கள் வரி விகிதத்துக்குக் கணக்குப் போட்டால் உண்மையான மிச்சம் 128 டாலர்தான். கமலா அக்கா சொன்ன மாதிரி, மீதியெல்லாம் எங்கள் பணமே. எஃப்எஸ்ஏவில் எஞ்சியதில் ரத்த அழுத்தக் கருவி ஒன்று டிசம்பரிலேயே வாங்கிவிட்டேன்.

முக்கியமான செய்தி வேறு. ஜனவரி 6, காலை ஆறே முக்கால். பையனுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். இவர் மாடிப்படியில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டி என்னைக் கூப்பிட்டார், பேசவில்லை. வலது ஆள்காட்டி விரல் குமிழின் மேல் இருந்தது. கடிகாரத்தில் முப்பதிலிருந்து எண் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். முடிந்ததும் "முடிவு தெளிவில்லை, இதயத்துடிப்பு அதிகம்" என்று வந்தது. ரத்னா முன்பே சொல்லியிராவிட்டால் அதை அழித்திருப்போம்.

பிடிஎஃப் போட்டு அனுப்பினேன். மத்தியானம் டாக்டரே போன் செய்தார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லையாம், எஸ்விடி (துடிப்பு திடீரென்று மிக வேகமாகும் கோளாறு) மாதிரித் தெரிகிறதாம். உயிருக்கு ஆபத்தானது இல்லை என்று சொல்லி, இதய மின்னோட்டப் பிரிவு நிபுணரிடம் அனுப்பியிருக்கிறார். பிப்ரவரி 10 அன்று பார்க்கிறோம். அந்த ராத்திரிதான் ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

தேவைப்படுகிறவர்களுக்காக, பாஸான கடிதத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: "இந்த நோயாளிக்கு ஆகஸ்ட் 2025 முதல் விட்டுவிட்டு வரும் படபடப்பு உள்ளது, குறியீடு ஆர்00.2. 14 நாள் பேட்ச் கண்காணிப்பில் நிகழ்வு எதுவும் பதிவாகவில்லை. நிகழ்வு ஏற்படும் நேரத்திலேயே ஈசிஜி பதிவு செய்வது நோயறிதலுக்கு அவசியம். அதற்காக ஈசிஜி வசதியுள்ள, கையில் அணியும் கருவியை 12 மாதங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். பொது ஆரோக்கியத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டதல்ல."

உங்கள் டாக்டருக்கு ஏற்ற மாதிரி நோயையும் குறியீட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

திருச்சி_மகன் | ஜனவரி 19, 2026

ரொம்ப சந்தோஷம் அக்கா. பிப்ரவரி பத்தாம் தேதி என்ன சொல்கிறார்கள் என்று இங்கே எழுதுங்கள். அப்பாவுக்கு வாட்ச் என் கைக்காசிலேயே வாங்கிவிட்டேன், பொங்கலுக்குப் போன நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். நேற்று கட்டிக்கொண்டு வீடியோவில் காட்டினார். தினமும் ராத்திரி சார்ஜ் போட வேண்டும் என்பதைத்தான் இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.